மேற்பார்வை இல்லாத வயிறு

முதலில் ஒரு விடுகதை. ஒரு வீடு. அதன் வாசலில் வெள்ளைச் சட்டை போட்ட முப்பத்திரண்டு காவல்காரர்கள். உள்ளே போகிற விருந்தாளி எவரும் போன உருவத்தில் வெளியே வந்ததில்லை. வீட்டுக்குச் சொந்தக்காரன் பிறந்த நாள் முதல் அந்த வீட்டைச் சுமந்துகொண்டே திரிகிறான். ஒரு தடவைகூட உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. அது எந்த வீடு?

கொஞ்சம் யோசியுங்கள். மடைக்குறிச்சியிலும் யோசித்தார்கள். ஊர்த் தலைவர் தளவாயின் பேத்தி, ஏழு வயது ஆவுடை, கோயில் கொடைத் திருவிழாவுக்காகத் தாத்தா வீட்டுக்கு வந்தவள், இதை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டாள்.

"ரைஸ் மில்லு" என்றார் ஒருவர். "பஞ்சாயத்து ஆபீஸு. உள்ளே போன மனு எதுவும் போன உருவத்துல வந்ததில்லையே" என்றார் இன்னொருவர். விடையை ஆவுடை சொல்லவில்லை. அது அவர்களில் ஒருவருடைய சட்டைக்கு உள்ளேயே உறுமிக்கொண்டிருந்தது.

மடைக்குறிச்சியின் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். அந்த ஊரில் எந்த வேலைக்கும் செய்கிறவன் ஒருவன் என்றால் பார்க்கிறவன் ஒருவன் உண்டு. மேற்பார்வை இல்லாமல் நடந்த வேலை, நடந்ததாகச் சேர்த்தியில்லை. கிணற்றைத் தூர் வார ஒருவன் இறங்குவான். அவன் இறங்கியிருக்கிறான் என்பதை ஐந்தாறு பேர் மேலே நின்று பார்ப்பார்கள். தெருவிளக்கு எரிகிறதா என்று பார்க்க ஓர் ஆள். அவர் கண்ணைத் திறந்துதான் பார்க்கிறாரா என்று பார்க்க இன்னோர் ஆள். ஒரு வருடம் மழை மேற்பார்வையாளருக்குக் காய்ச்சல் கண்ட வாரத்தில் நல்ல மழை பெய்துவிட்டது. அந்த மழையைக் கணக்கில் எடுக்க முடியாது என்று சொல்லி, முழங்கால் தண்ணீர் நின்ற வயலுக்கு மறுபடியும் தண்ணீர் பாய்ச்சினார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் தளவாய் வீட்டுப் பசுவால் வந்தது. ஊரே கூட்டத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அது தன்பாட்டுக்கு ஒரு செவலைக் கன்றைப் போட்டுவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் கன்று எழுந்து நின்று பால் குடிக்கிறது. பிறந்ததை யாரும் பார்க்கவில்லை. ஆகவே கன்று பிறக்கவில்லை என்று ஊர் தீர்மானித்தது. பிறக்காத கன்று அன்றிலிருந்து எல்லார் வீட்டு வைக்கோலையும் தின்று கொழுத்தது. இல்லாத கன்றை எந்தச் சட்டத்தின் கீழ் விரட்டுவது? ஆவுடை மட்டும் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு திரிந்தாள்.

இனி தளவாயின் வயிற்றுக்கு வருவோம்.

அம்மன் கோயில் கொடையன்று ஊருக்கெல்லாம் சாப்பாடு. ஆனால் பந்தி சும்மா தொடங்கிவிடாது. முதலில் ஒரே ஓர் இலை போடுவார்கள். அது முதல் இலை. தலைவர் அதில் உட்கார்ந்து, ஊர் பார்க்கச் சாப்பிட்டு, ஓர் ஏப்பம் விட வேண்டும். ஏப்பம் வந்தால் சாப்பாடு நல்ல சாப்பாடு, ஊர் உட்காரலாம். முதல் இலையில் உட்கார்ந்து ஏப்பம் விடுகிறவர்தான் தலைவர். விட முடியாதவர் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட வேண்டும். தளவாயின் தாத்தா ஏப்பம் விட்டால் குளத்துக் கொக்கு பறக்கும் என்பார்கள். அப்பா ஏப்பத்துக்குப் பக்கத்து ஊரில் பந்தி தொடங்கிவிட்டதாக ஒரு பேச்சு உண்டு. தளவாயும் பல வருடம் குறையில்லாமல் விட்டவர்தான்.

இந்த வருடம் கொடைக்குப் பத்து நாள் இருக்கும்போது ஏப்பம் நின்றுபோயிற்று.

வயிறு மேளம் மாதிரி உப்பிக்கொண்டது. நெஞ்சு எரிந்தது. புளித்த தண்ணீர் தொண்டை வரை ஏறி இறங்கியது. காலையில் செம்பை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறக் கழிவறைக்குப் போனால், போன மாதிரியே திரும்பி வந்தார். மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று ஏப்பம் பழகிப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது, மீசை துடித்தது, வேறொன்றும் வரவில்லை.

"எப்படி வரும்?" என்றாள் அவர் மனைவி கோமதி. "வடையைக் கடிச்சுத் தின்னா கௌரவக் குறைச்சல்னு முழுசா முழுங்குதீங்க. கீரையைக் கண்டா ஆட்டுக்குத் தள்ளுதீங்க. தண்ணிக்குப் பதிலா கடுங்காப்பி. தின்ன கை காயுமுன்ன கட்டில்ல சாயுதீங்க. அது வயிறா, குடோனா?"

தளவாய்க்கு மூன்று தலைமுறைத் தலைப்பாகை கண்ணில் நின்றது. மறுநாளே டவுன் டாக்டரைப் பார்க்கக் கிளம்பினார்.

தனியாகப் போகலாமா? மேற்பார்வைக்கு மூன்று பேர் கூடவே போனார்கள். ஊர்ச் செயலாளர் கொம்பையா. குளத்து மடையைத் திறந்து மூடுகிற பூதத்தான். எந்த வேலையும் இல்லாததால் எல்லாக் குழுவிலும் உறுப்பினராக இருக்கிற உலகு. நான்கு பேரும் ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தார்கள்.

"இதுல யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று கேட்டார் டாக்டர் எஸ்தர்.

"வயிறு அண்ணாச்சியோடது. பொறுப்பு எங்களோடது" என்றார் கொம்பையா.

டாக்டர் பொறுமைசாலி. தளவாயின் வயிற்றை அழுத்திப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், சாப்பாட்டு முறையைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு சுவரில் தொங்கிய படத்தைக் காட்டி விளக்கினார்.

"வாயில பல்லு அரைக்கும். எச்சில் சேர்ந்து மாவுச்சத்தைக் கரைக்க ஆரம்பிக்கும். அப்புறம் உணவுக்குழாய். அது அலை மாதிரி சுருங்கிச் சுருங்கிச் சாப்பாட்டைத் தள்ளும். நீங்க தலைகீழா நின்னாலும் வயித்துக்குத்தான் தள்ளும். குழாய்க்கு அடியில ஒரு கதவு மாதிரி இருக்கு. சாப்பாடு இரைப்பைக்குள்ள போனதும் அது மூடிக்கணும். மூட்டை கட்டினாப்ல தின்னுட்டு உடனே படுத்தா, சரியா மூடாது. உள்ள இருக்கிற அமிலம் மேல ஏறும். அதுதான் உங்க நெஞ்செரிச்சல்."

"கதவுக்கு ஆள் உண்டா?" என்று மெதுவாகக் கேட்டார் பூதத்தான்.

டாக்டர் அதைக் கவனிக்கவில்லை. "இரைப்பை சில மணி நேரம் கடையும். அப்புறம் சிறுகுடல், சுமார் இருபது அடி நீளம். கல்லீரல்ல இருந்து பித்தநீர் வந்து, எண்ணெய்ப் பாத்திரத்துக்குச் சோப்பு போட்டாப்ல கொழுப்பை உடைக்கும். கணையமும் தன் பங்குக்கு நீர் அனுப்பும். சத்து ரத்தத்துக்குப் போயிரும். மிச்சம் பெருங்குடலுக்கு. அது தண்ணியை உறிஞ்சிட்டுச் சக்கையை வெளிய அனுப்பும். நீங்க தண்ணியும் குடிக்கலை, நார்ச்சத்தும் சாப்பிடலைன்னா, சக்கை அங்கயே கிடந்து காய்ஞ்சு இறுகிப்போகும். அதுதான் மலச்சிக்கல்."

"ஏப்பம், டாக்டரம்மா?" என்றார் தளவாய். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

"அவசரமா விழுங்கும்போது கூடவே காத்தையும் விழுங்குதீங்க. அது வந்த வழியே திரும்பிப் போகுது. அவ்வளவுதான்."

தளவாய்க்கு முகம் சுண்டிவிட்டது. தாத்தா, அப்பா, தான் என்று மூன்று தலைமுறையாக ஊரை ஆண்டது வெறும் காற்றா!

கொம்பையாவின் கவலை வேறு. "டாக்டரம்மா, பல்லு, இரைப்பை, குடலு, கல்லீரலுன்னு இத்தனை பேரு உள்ள வேலை பாக்காங்களே. யாரு மேற்பார்வை?"

"மேற்பார்வையா? யாரும் இல்லையே. எல்லாம் தானா நடக்கும். நீங்க தூங்கினாலும் நடக்கும்."

உலகு சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"இருபது அடி வாய்க்கா. ஒரு ஆளுகூடப் போடலையா?" என்றார் பூதத்தான்.

டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்தார். "கொஞ்சம் கொஞ்சமா, அஞ்சாறு தடவையாச் சாப்பிடுங்க. நல்லா மென்னு சாப்பிடுங்க. சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் படுக்கக் கூடாது. தண்ணி, கீரை, பழம் கூட்டுங்க. காப்பியைக் குறைங்க. கவலைப்படாதீங்க, கவலைப்பட்டா வயிறும் முரண்டு பிடிக்கும். எல்லாத்துக்கும் மேல, வயித்தை அது போக்குல விடுங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் விவாதம் நடந்தது.

"எல்லாம் நல்லாத்தான் சொன்னாங்க. கடைசியா ஒண்ணு சொன்னாங்க பாருங்க, அதுதான் இடிக்குது" என்றார் கொம்பையா. "இத்தனை வருஷமா அது போக்குல விட்டுத்தானே வே இந்தக் கதி?"

"சின்ன வயசு டாக்டரு. நிர்வாகம் தெரியாது" என்றார் உலகு.

"அண்ணாச்சி, உங்க அப்பா காலத்துலயாவது வயித்துக்கு ஆளு போட்டிருந்தாங்களா?" என்றார் பூதத்தான்.

"எனக்குத் தெரிய இல்லை வே" என்றார் தளவாய், தலையைக் குனிந்துகொண்டு. இத்தனை காலம் ஒரு பெரிய அலுவலகத்தை ஆளில்லாமல் திறந்து போட்டிருந்த குற்ற உணர்ச்சி அவரைப் பிடித்துக்கொண்டது.

ஊர் வந்து சேர்வதற்குள் நியமனம் முடிந்துவிட்டது. வாய்க்கு மேற்பார்வையாளர் கொம்பையா. இரைப்பையிலிருந்து கடைமடை வரை பூதத்தான். மடை விஷயத்தில் அவரை விட்டால் ஆளில்லை. கவலைப்படக் கூடாது என்று டாக்டர் சொன்னதால், தலைவருக்குப் பதிலாகக் கவலைப்படும் பொறுப்பு உலகுக்கு. தளவாய் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார்.

மறுநாள் காலை இட்லி வந்தது. கொம்பையா டார்ச் லைட்டோடு எதிரே உட்கார்ந்தார்.

"மெல்லுங்க அண்ணாச்சி. திறங்க. ஆ காட்டுங்க. கடவாயில ஒரு துண்டு முழுசா ஒளிஞ்சிருக்கு. மூடுங்க. மெல்லுங்க."

"முழுங்கட்டுமா?"

"அவசரப்படாதீங்க. மேலிடத்துல ஒரு தடவை பாத்துக்கிடுதேன். திறங்க."

இப்படி மேற்பார்வையிட்டதில் அந்த இட்லி உள்ளே போய்ச் சேர உச்சிவெயில் வந்துவிட்டது. அதற்குள் அடுத்த வேளைச் சாப்பாடும் அதற்கடுத்த வேளைச் சாப்பாடும் வரிசையில் ஆறிக்கொண்டிருந்தன.

படுக்கும் விஷயம் அதைவிடச் சிக்கலானது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் படுக்கக் கூடாது. அந்த இரண்டு மணி நேரம் முடிவதற்குள் அடுத்த சாப்பாடு வந்துவிடுகிறது. மறுபடி இரண்டு மணி நேரம். கொம்பையா விரல் விட்டு எண்ணிப் பார்த்து, தலைவர் இனிமேல் படுப்பதற்கே வழியில்லை என்று வருத்தத்தோடு அறிவித்தார். அன்றிலிருந்து தளவாய் வீட்டுத் தூணில் சாய்ந்து நின்றபடி தூங்கினார். சரிந்துவிடாமல் இருக்க ஒரு வேட்டியால் தூணோடு சேர்த்துக் கட்டினார்கள்.

"தேர்ல கட்டுன சாமி மாதிரி இருக்கீங்க" என்றாள் கோமதி. அவிழ்த்துவிடப் போனவளை மூன்று பேரும் தடுத்துவிட்டார்கள்.

தலைகீழாக நின்றாலும் சாப்பாடு வயிற்றுக்குத்தான் போகும் என்று டாக்டர் சொன்னது பூதத்தானை உறுத்திக்கொண்டே இருந்தது. தண்ணீர் மேட்டுக்கு ஏறாது என்பது அவர் பிழைப்பின் அடிப்படை. ஆகவே சோதித்துப் பார்க்க உலகைத் தலைகீழாக நிறுத்தி, காலைப் பிடித்துக்கொண்டு, வாயில் வாழைப்பழம் கொடுத்தார்கள்.

"போச்சா வே?"

"போச்சு."

"கீழயா மேலயா?"

உலகு கொஞ்சம் யோசித்தார். "எனக்குக் கீழ. உங்களுக்கு மேல."

கொம்பையாவும் பூதத்தானும் தளவாயைத் திரும்பிப் பார்த்தார்கள். தண்ணீர் மேட்டுக்கு ஏறுகிற ஒரு பிரதேசத்துக்குத் தன்னைப் பொறுப்பாகப் போட்டுவிட்டார்களே என்று பூதத்தான் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஆனாலும் கடமையை விடவில்லை. தளவாயின் வயிற்றில் காதை வைத்தே கிடந்தார். ஒரு பிற்பகல் வயிறு 'கர்ர்ர்' என்றது.

"பேசுது!" என்றார் பூதத்தான்.

"என்ன சொல்லுது?"

"தெளிவாக் கேக்கலை. ஏதோ கோரிக்கை."

"பரிசீலனையில இருக்குன்னு சொல்லும்" என்றார் கொம்பையா. பூதத்தான் தொப்புளுக்கு வாயை வைத்து அப்படியே சொன்னார். வயிறு மறுபடி உறுமியது. மனு நிலுவையில் இருக்கும்போது மறுபடி மறுபடி கேட்பது முறையில்லை என்று அதற்குக் கண்டிப்பாகத் தெரிவிக்கப்பட்டது.

கல்லீரல் சோப்பு போடுகிறது என்ற செய்தியும் கொம்பையாவை உறங்கவிடவில்லை. இத்தனை எண்ணெய் வடைக்கு ஒரு கல்லீரல் எத்தனை சோப்புதான் கொடுக்கும்? உதவிக்கு ஒரு டம்ளர் சீயக்காய் கரைத்துக் கொண்டுவந்தார். தளவாய் வாயையும் திறந்துவிட்டார். நாக்கில் படுவதற்குள் கோமதி அதைத் தட்டிவிட்டாள்.

"தலையில தேய்க்கதுகூட உங்களுக்கெல்லாம் வீண்" என்றாள்.

உலகு தன் வேலையை ஒழுங்காகச் செய்தார். அடிக்கொரு தரம் வந்து தளவாயின் காதருகில் குனிவார். "அண்ணாச்சி, நீங்க எதையும் நினைக்காதீங்க. ஏப்பம் வராட்டி ஊரு முன்னால தலைப்பாகையைக் கழற்றணுமே, தாத்தா பேரு, அப்பா பேரு எல்லாம் போயிருமே, அதை எல்லாம் நான் பாத்துக்கிடுதேன். உங்களுக்குத் துளிகூடக் கவலை இருக்கக் கூடாது."

அதைக் கேட்டதும் தளவாய்க்கு நெஞ்சுக்குள் ஒரு கொள்ளிக்கட்டை புரளும். "ரொம்ப உபகாரம் வே" என்பார்.

கொல்லைப்புறம்தான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். தளவாய் உள்ளே போய்க் கதவைச் சாத்துவார். வெளியே பூதத்தான் நிற்பார்.

"அண்ணாச்சி, எதுவரைக்கும் வந்திருக்கு?"

உள்ளே ஒரு முனகல் மட்டும் கேட்கும்.

"தோராயமாச் சொன்னாப் போதும்."

"வே, நீரு கொஞ்சம் தள்ளி நில்லும். நீரு நிக்கதை நினைச்சா எனக்கு வரமாட்டேங்குது."

"மேற்பார்வை இல்லாம வந்தா சேர்த்தியில்லையே, அண்ணாச்சி. பொறவு உங்களுக்குத்தான் நஷ்டம்."

அதுவும் நியாயம்தான் என்று தளவாய்க்குப் பட்டது. அவரும் மடைக்குறிச்சியில் பிறந்தவர்தானே. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வெளியிலிருந்து பூதத்தான் மடை திறக்கும்போது போடுகிற சத்தத்தைப் போட்டு ஊக்கப்படுத்துவார். உள்ளே இருந்ததும் பயந்து இன்னும் உள்ளே போய்விடும்.

கொடை நாள் வந்தபோது தளவாயின் வயிறு சட்டைப் பொத்தானைத் தெறிக்கவிடும் நிலையில் இருந்தது. கால் வீங்கியிருந்தது. ஒரு வாரமாக நின்றே தூங்கியதில் கண் சிவந்து, பார்க்க அம்மன் கோயில் வாசலில் நிற்கிற காவல் பூதம் போலவே இருந்தார்.

பந்தலில் ஊர் முழுக்கக் கூடிவிட்டது. அவியலும் சாம்பாரும் வாசனை அனுப்பிக்கொண்டிருந்தன. முதல் இலை விழுந்தது. தளவாய் தலைப்பாகையோடு உட்கார்ந்தார். அதே இலையின் முன்னால், அவர் பக்கத்தில் ஆவுடையும் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்குப் பின்னால் பிறக்காத கன்று நின்றது.

தளவாய் சாப்பிட்டார். கொம்பையா டார்ச் அடித்தார். ஒவ்வொரு கவளத்தையும் ஊர் தானும் சேர்ந்து விழுங்கியது. சாப்பிட்டு முடிந்தது. அத்தனை கண்ணும் அவர் வாயின் மேல் வந்து உட்கார்ந்தன.

ஏப்பம் வரவில்லை.

தளவாய் மூச்சை இழுத்துப் பார்த்தார். நெஞ்சைத் தடவிக்கொண்டார். அத்தனை பேர் பார்க்கப் பார்க்க, வயிறு புது மருமகள் மாதிரி உள்ளுக்குள் ஒடுங்கிக்கொண்டது. சோறு ஆறிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் அழ ஆரம்பித்தார்கள். இத்தனை நாள் கவலைப்பட்டுக் களைத்த உலகு ஒரு தூணோரம் மயங்கி உட்கார்ந்துவிட்டார். கழற்ற வேண்டியதுதான் என்று நினைத்துத் தளவாய் தலைப்பாகையின் மேல் கையை வைத்தார்.

"பூதத்தான், என்ன வே பாத்துக்கிட்டிருக்கீரு?" என்று அதட்டினார் கொம்பையா. "ஏப்பத்தை அனுப்பும்!"

"என்னைய ஏன் கேக்கீரு? ஏப்பம் வாய்ல வருத சமாச்சாரம். வாய் உம்ம பொறுப்பு."

"வருதது வாய்ல. உண்டாகுதது எங்க? இரைப்பையில. அது உம்ம எல்லை."

"என் எல்லை கீழ போறதுக்கு மட்டுந்தான். மேல வருததுக்கு எனக்கு உத்தரவு இல்லை."

"அப்பம் நடுவுல இருக்க குழாய்க்கு யாரு?"

அப்போதுதான் உணவுக்குழாய்க்கு ஆளே போடவில்லை என்பது வெளியே வந்தது. ஊர் கொந்தளித்துவிட்டது. பாதி ஊர் கொம்பையா பக்கம், பாதி ஊர் பூதத்தான் பக்கம். ஒருவர் தோள்துண்டை இன்னொருவர் பிடித்து இழுத்தார். மயங்கிக் கிடந்த உலகுகூட எழுந்து வந்து, குழாய் காலியிடத்துக்குத் தன் பெயரை முன்மொழிந்தார்.

அத்தனை பேரும் தளவாய்க்கு முதுகு காட்டி நின்றார்கள். ஒரு வாரத்தில் முதல் தடவையாக அவரை யாரும் பார்க்கவில்லை.

உள்ளே ஏதோ தளர்ந்தது. அடியிலிருந்து ஒன்று புறப்பட்டது. மரப்பாலத்தின் மேல் பார வண்டி போகிற சத்தத்தோடு உருண்டு, மேலே ஏறி, வாசலில் நின்ற முப்பத்திரண்டு காவல்காரர்களையும் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் எழுந்து பறந்தன. தளவாயின் கண்ணில் நீர் வந்துவிட்டது. தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் இப்படி ஒன்று வந்திருக்காது.

ஊர் திரும்பியது.

"என்ன சத்தம்?" என்றார் கொம்பையா.

"நான்தான் வே! ஏப்பம்! வந்துட்டு!"

"யாரு பாத்தா?"

யாரும் பார்க்கவில்லை.

"சத்தம் கேட்டுச்சு. அது வாஸ்தவம்" என்றார் பூதத்தான். "ஆனா எங்க இருந்து வந்ததுன்னு யாரு கண்டா? எருமை கத்தியிருக்கலாம்."

"நான் பாத்தேன்" என்றாள் ஆவுடை. "தாத்தா வாயில இருந்துதான் வந்துச்சு. மீசை ரெண்டு பக்கமும் பறந்துச்சு."

"ஏட்டி, நீ பாத்திருப்ப. பாக்கது வேற, மேற்பார்வை வேற. உன்னைய யாரு நியமிச்சா?" என்றார் கொம்பையா. தளவாயும் தன்னையறியாமல் தலையை ஆட்டினார். சட்டம் சட்டம்தானே.

"இன்னொண்ணு விடுங்க, அண்ணாச்சி. இப்பம் நாங்க பாக்குதோம்."

தளவாய் முயன்றார். உள்ளே காற்றே இல்லை. இருந்த ஒரே காற்றும் கணக்கில் சேராமல் போய்விட்டது. மறுபடியும் பராக்குப் பார்த்துவிடக் கூடாது என்று ஊர் இந்தத் தடவை இமைக்காமல் முதல் இலையையே பார்த்துக்கொண்டு நின்றது.

ஆவுடைக்குப் பசி. தாத்தாவின் இலையோரம் பாயசம் ஒரு டம்ளர் நிறைய இருந்தது. எடுத்து, மூச்சு விடாமல், மடக் மடக்கென்று காற்றும் பாயசமுமாகக் குடித்து முடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஏவ்."

சின்ன ஏப்பம்தான். ஆனால் கொம்பையா வாயைப் பார்த்தார். பூதத்தான் வயிற்றைப் பார்த்தார். ஊர் மொத்தமும் இரண்டையும் பார்த்தது. மடைக்குறிச்சி தோன்றிய நாளிலிருந்து இத்தனை மேற்பார்வையோடு ஓர் ஏப்பம் வந்ததில்லை.

முதல் இலையில் உட்கார்ந்து ஏப்பம் விடுகிறவர்தான் தலைவர். அதில் இரண்டு பேச்சு இல்லை. தலைப்பாகை தளவாயின் தலையிலிருந்து ஆவுடையின் தலைக்குப் போயிற்று. போய், மூக்கு வரை இறங்கி நின்றது. "போடுங்க இலையை!" என்று கொம்பையா கூவினார். பந்தி தொடங்கியது.

தளவாய் எழுந்து நின்றார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. டார்ச் இல்லை, காது இல்லை, காதருகே வந்து குனிகிற உலகு இல்லை. தலைப்பாகை போனதற்கு அழலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அடிவயிற்றில் ஒரு புரளல். மெதுவாகப் பந்தலை விட்டு நழுவி, வீட்டுக்குப் போய், செம்பை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் நடந்தார். திரும்பிப் பார்த்தார். பூதத்தான் வரவில்லை. பதவி இல்லாத வயிற்றுக்கு மேற்பார்வை கிடையாது.

வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தபோது அவர் நடையே மாறியிருந்தது. முகம் மழை விட்ட வானம் மாதிரி இருந்தது. கடைசிப் பந்தியில் கடைசி இலையில் உட்கார்ந்தார்.

"கோமதி, கொஞ்சம் சோறு வை. கீரை இருந்தா அதையும் வை."

கோமதி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஆச்சா?"

"ஆச்சு."

"யாரு பாத்தா?"

"ஒருத்தரும் பாக்கலை" என்றார் தளவாய், பரம திருப்தியோடு.

பந்தி முடிந்ததும் மூன்று பேரும் புதுத் தலைவியின் முன்னால் வரிசையாக வந்து நின்றார்கள். கொம்பையா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தலைவரம்மா, உங்க தாத்தா வயித்துல நடந்த தப்பு உங்க வயித்துல நடக்கக் கூடாது. மூணு பேருக்குப் பிரிச்சுக் கொடுத்ததுதான் கோளாறு. இந்தத் தடவை வாயில இருந்து கடைசி வரைக்கும் ஒரே மேற்பார்வையாளர். அனுபவம் உள்ளவங்க நாங்க மூணு பேரு இருக்கோம். எல்லாரும் சேர்ந்து நின்னு பாத்துக்கிட்டிருக்கோம். நீங்க யாரைச் சொன்னாலும் செல்லும். யாரைப் போடுதீங்க?"

ஆவுடை தலைப்பாகையை நெற்றிக்குத் தூக்கிவிட்டுக்கொண்டு அவர்களைப் பார்த்தாள். கொம்பையா டார்ச்சைத் துடைத்துக்கொண்டு நின்றார். பூதத்தான் காதைத் துடைத்துக்கொண்டு நின்றார். உலகு முன்கூட்டியே கவலைப்பட ஆரம்பித்திருந்தார். அவர்களுக்குப் பின்னால் பிறக்காத கன்று முதல் இலையை முழுவதும் தின்று முடித்துவிட்டு, யாரும் சொல்லாமலே, அவசரமில்லாமல் மென்றுகொண்டிருந்தது.

ஆவுடை கன்றுக்குட்டியைத் தேர்ந்தெடுத்தாள்.